கார்ப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி: பழைய பைக் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வி எல்லாமே கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான். பழைய வண்டி வாங்கியாச்சு, ஓடுது ஆனா ஒழுங்கா ஓடல, கார்ப், அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற கார்புரேட்டர், அதோட ட்யூனிங் எப்படிப் பண்றது. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த தடவைக்குத் தள்ளி வெச்சுட்டு இதையே எடுத்துக்கறேன்.

வணக்கம் அண்ணா. ஒரு மாசம் முன்னாடி 1972 மாடல் ஹோண்டா சிபி350 வாங்கினேன், ரெண்டு சிலிண்டர் ரெண்டு கார்ப். ஸ்டார்ட் ஆகுது ஆனா ஆக்சிலேட்டரைத் தொடாம விட்டா ஐடில்ல நிக்க மாட்டேங்குது. சூடானதும் சில நேரம் ஆர்பிஎம் கீழ இறங்காம மேலயே தொங்குது, சில நேரம் பொசுக்குனு அணைஞ்சுடுது. ஆக்சிலேட்டரை விட்டா சைலன்சர்ல டப் டப்னு வெடிக்குது. வலது பக்க பிளக் கரி மாதிரி கருப்பு, இடது பக்கம் வெள்ளை. ரெண்டு கார்ப் ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி திருப்பிட்டேன், முதல்ல எங்க இருந்துச்சுன்னு இப்போ எனக்கே தெரியல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

தம்பி, இப்போதைக்கு அந்த ஸ்க்ரூவைத் தொடாதீங்க. நீங்க சொன்ன அறிகுறி அத்தனையும் கார்ப்ல கை வைக்காமலே வரக்கூடியது, அதைத்தான் முதல்ல சொல்லணும். புதுசா கைக்கு வந்த பழைய வண்டியில பிரச்சினை எங்க இருக்குன்னு தெரியாமலே எல்லாரும் கார்ப்பைத்தான் முதல்ல திறக்கறாங்க, ஏன்னா ஸ்க்ரூ வெளியவே தெரியுது, கைக்கு எட்டுது. பழைய ஓனரும் அதையேதான் பண்ணியிருப்பார். அதனால உங்க கையில இருக்கறது கம்பெனி செட்டிங் இல்ல, அம்பது வருஷத்துல எத்தனையோ பேர் எதையோ சரி பண்ண திருப்பி விட்ட செட்டிங்.

வரிசை இதுதான்: டாப்பெட் (வால்வைத் தள்ளற இடத்துல இருக்கற இடைவெளி), பாயிண்ட் (ஸ்பார்க் வர கரண்டை வெட்டி விடற சுவிட்ச்), டைமிங் (ஸ்பார்க் வர்ற நேரம்), காத்து ஒழுக்கு, அப்புறம் கடைசியா கார்ப். இதை மாத்தினீங்கன்னா பண்ணின வேலையை மறுபடி பண்ணணும்.

டாப்பெட் கேப் இன்ஜின் நல்லா ஆறி இருக்கும்போது இன்டேக்ல 0.05 மி.மீ, எக்ஸாஸ்ட்ல 0.10 மி.மீ. ரொம்ப டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் கசியும், அந்தக் கசிவு வேகமா போகும்போது தெரியாது, ஐடில்லதான் தெரியும், நாம அதை கார்ப் தலையில கட்டுவோம். பாயிண்ட் கேப் 0.3 லேர்ந்து 0.4 மி.மீக்குள்ள. உங்க வண்டியில சிலிண்டருக்கு ஒண்ணுன்னு ரெண்டு பாயிண்ட் செட் இருக்கு, ரோட்டர்ல இடது பக்கத்துக்கு எல்எஃப், வலது பக்கத்துக்கு எஃப்னு தனித்தனி மார்க் இருக்கும், ரெண்டையும் தனித்தனியா டைமிங் பாக்கணும். ஒண்ணைப் பாத்துட்டு இன்னொண்ணு சரியாத்தான் இருக்கும்னு விட்டுடாதீங்க. ஆர்பிஎம் ஏற ஏற டைமிங்கை முன்னாடி தள்ளற அட்வான்ஸரோட ஸ்பிரிங் தளர்ந்துபோனாலோ, துரு பிடிச்சு வெயிட் சிக்கினாலோ டைமிங் திரும்பி வராது, ஆர்பிஎம் மேலயே தொங்கும். உங்க தொங்கலுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அடுத்தது காத்து ஒழுக்கு. இடது பிளக் வெள்ளை, ஆர்பிஎம் தொங்கறது, ஆக்சிலேட்டர் விட்டா வெடிக்கறது, இந்த மூணும் சேந்து வந்தா எனக்கு முதல் சந்தேகம் கார்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் மேலதான். மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும், கழட்டி லேசா வளைச்சுப் பாத்தா உள்ள கோடு கோடா வெடிச்சிருக்கும். அது வழியா போற காத்து கார்ப்புக்குத் தெரியாத காத்து, அதுக்கு பெட்ரோல் கலக்காது, அந்த சிலிண்டர் லீனா ஓடும், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி. கண்டுபிடிக்க சுலபமான வழி, வண்டியை ஐடில்ல விட்டுட்டு சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணிய மூட்டுல பீச்சுங்க, சத்தம் மாறினா ஒழுக்கு அங்கதான். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சும் பாப்பாங்க, ஆனா சூடான இன்ஜின் மேல அது தீப்பிடிக்கும், நான் தண்ணியைத்தான் சொல்வேன். எக்ஸாஸ்ட் பைப் ஹெட்ல சேர்ற இடத்தையும் பாருங்க, அங்க கேஸ்கெட் போயிருந்தாலும் ஆக்சிலேட்டரை விடும்போது வெடிக்கும்.

இதை இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஆரம்ப காலத்துல ஒரு ட்வின் வண்டிக்கு நான் மூணு சைஸ் ஸ்லோ ஜெட் (ஐடில்ல பெட்ரோலை அளந்து விடற சின்ன ஓட்டை உள்ள சாமான்) மாத்தினேன், நீடில் உயரம் மாத்தினேன், ரெண்டு வாரம் போச்சு, கடைசியில ஒரு பக்க ரப்பர் ஃபிளாஞ்ச்ல நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ரப்பரை மாத்தினதும் மறுபடி பழைய ஜெட்டையே போட வேண்டியதாப் போச்சு. அந்த ரெண்டு வாரம் உங்களுக்குப் போகக் கூடாது.

வலது பிளக் கருப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி, அதாவது ரிச், அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா ஸ்பார்க் பலவீனமா இருந்தாலும் எரியாத பெட்ரோல் பிளக்கை கருப்பாக்கும். ரெண்டு பிளக்கையும் பக்கம் மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க. கருப்பு பிளக் கூடவே இடது பக்கம் போச்சுன்னா பிளக்தான் கோளாறு, கருப்பு வலது பக்கத்துலயே நின்னுச்சுன்னா காயில், கண்டென்சர், பிளக் கேப் எல்லாம் பாத்துட்டு அப்புறம் கார்ப்புக்கு வாங்க. சோக் பிளேட் அந்தப் பக்கம் முழுசாத் திறக்குதான்னும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.

இதெல்லாம் முடிஞ்சாச்சா, இப்போ கழட்டலாம். ஒரு எச்சரிக்கை, ஜப்பான் வண்டி ஸ்க்ரூ தலை பாக்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும் ஆனா அது ஜிஸ், அதாவது ஜப்பான் தர அளவு, சாதா பிலிப்ஸ் டிரைவர் போட்டா வழுக்கி தலை கிழிஞ்சுடும், ஜிஸ் டிரைவர் ஒண்ணு வாங்கிட்டுத் தொடுங்க. இடது கார்ப் சாமானும் வலது கார்ப் சாமானும் கலக்கவே கூடாது, ரெண்டு தட்டு வெச்சுக்கோங்க. கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மிக்சர் ஸ்க்ரூவும் (ஐடில்ல காத்து பெட்ரோல் கலவையை மாத்தற ஸ்க்ரூ) எத்தனை சுத்துல இருக்குன்னு மூடி எண்ணி எழுதுங்க, உங்க கேஸ்ல அது தப்பான நம்பர்தான், இருந்தாலும் எழுதுங்க, பின்னாடி ஒப்பிட உதவும். மூடும்போது விரல் பலம் மட்டும், இறுக்கினா அதோட ஊசி முனை உடைஞ்சு ஓட்டைக்குள்ளயே மாட்டிக்கும், அப்புறம் அந்த கார்ப் பாடியே போச்சு.

ஐடில் பிரச்சினைன்னா நேரா ஸ்லோ ஜெட்டுக்குப் போங்க. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா உருண்டையா ஒரு பொட்டு வெளிச்சம் தெரியணும், பாதி நிலா மாதிரி தெரிஞ்சா அடைப்பு. நிறுத்தி வெச்ச பெட்ரோல் காஞ்சு வார்னிஷ் மாதிரி ஒட்டியிருக்கும். ஊற வைங்க, காத்து அடிங்க, மறுபடி ஊற வைங்க. கம்பியால குத்தறதுன்னா மெல்லிசு செம்புக் கம்பி ஒரு இழை போதும், ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி அதைப் பெருசாக்கிடும், பெருசான ஜெட் கண்ணுக்குத் தெரியாது ஆனா வண்டிக்குத் தெரியும். கார்ப் பாடியில இருக்கற வழிகளையும் ஒவ்வொண்ணா அடிச்சு, காத்து அடுத்த முனையில வருதான்னு விரல் வெச்சுப் பாருங்க. ஜெட் சுத்தமா இருந்தும் அந்த வழி அடைச்சிருந்தா பிரயோஜனமே இல்ல.

உங்களோடது சிவி கார்ப், ஹோண்டாவோட சிபி450ல 1965லயே வந்த வகை. ஆக்சிலேட்டர் கேபிள் பட்டர்ஃபிளைங்கற தகட்டை மட்டும்தான் திறக்கும், மேல கீழ ஏறி இறங்கி காத்து வழியை மாத்தற ஸ்லைடைத் தூக்கறது வேக்யூமும், டயஃப்ரம்ங்கற மெல்லிசு ரப்பர் சவ்வும். அதனால டயஃப்ரம்ல பொட்டு ஓட்டை இருந்தாலும் அந்தப் பக்க ஸ்லைடு சோம்பேறியா ஏறும். ஸ்லைடைத் தூக்கி, மேல் அறைக்குப் போற காத்து ஓட்டையை விரலால அடைச்சு விடுங்க, நின்னு மெதுவா இறங்கணும், டமார்னு விழுந்தா ஓட்டை. கார்ப் கிளீனரை அந்த ரப்பர்கிட்ட கொண்டே போகாதீங்க, ஊதிப்போய் திரும்ப உட்காராது. ஃப்ளோட், அதாவது கார்ப்ல பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தற மிதவை, அதோட உயரம் கார்ப் பாடியில அடிச்சிருக்கற நம்பரைப் பொறுத்து மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாத்து ரெண்டையும் ஒரே அளவுல வைங்க.

மாட்டினதுக்கு அப்புறம்தான் ட்யூனிங். மிக்சர் ஸ்க்ரூ ரெண்டும் மேனுவல் சொல்ற சுத்துல, மேனுவல் கைல இல்லன்னா ஒன்றரை சுத்துல ஆரம்பிங்க. கேபிள் ரெண்டுலயும் தொய்வு ஒரே அளவு, ஆக்சிலேட்டரைத் துளி திருப்பினா ரெண்டு பட்டர்ஃபிளையும் ஒரே நொடியில நகரணும், இதுதான் பாதி வேலை. பத்து நிமிஷம் ஓட்டிட்டு வந்து வெட்டவெளியில நிறுத்துங்க, மூடின இடத்துல பண்ணாதீங்க, எக்ஸாஸ்ட் புகை ஆளையே கொன்னுடும். முன்னாடி ஒரு ஃபேன் வைங்க, காத்துல ஆறற இன்ஜின் நின்ன இடத்துல ரொம்ப நேரம் தாங்காது.

ஒரு பக்கம் மிக்சர் ஸ்க்ரூவை கால் கால் சுத்தா திருப்பி, ஒவ்வொரு தடவையும் பத்து நொடி காத்திருந்து, எங்க ஆர்பிஎம் அதிகமா ஏறுதோ அங்க நிறுத்துங்க. அடுத்த பக்கம் அதே மாதிரி. ஐடில் ஏறியிருக்கும், ரெண்டு கார்ப்லயும் தனித்தனியா இருக்கற ஐடில் ஸ்க்ரூவை சமமா இறக்கி 1200க்கு கொண்டு வாங்க. மறுபடி முதல்லேர்ந்து ஒரு சுத்து. வேக்யூம் கேஜ் மாட்ட வழி இருந்தா ரெண்டு முள்ளும் ஒரே இடத்துல நிக்கற வரை சரி பண்ணலாம். இல்லன்னா ஒரு பக்க பிளக் வயரைக் கழட்டி, அதுல வேற ஒரு பிளக்கைச் செருகி இன்ஜின் மேல எர்த் ஆகற மாதிரி வெச்சு, ஒத்த சிலிண்டர்ல எவ்வளவு ஆர்பிஎம்ல நிக்குதுன்னு பாருங்க. மாத்திப் பாருங்க. ரெண்டும் கிட்டக்கிட்ட வந்தா சிங்க் ஆகிடுச்சு, அதாவது ரெண்டு கார்ப்பும் சமமாயிடுச்சு. வயரை எர்த் இல்லாம தொங்க விட்டா காயில் போகும், வயரைக் கழட்டின பக்கத்து பிளக் ஓட்டையையும் திறந்து போடாதீங்க, அங்க ஒரு பிளக் இருந்துட்டே இருக்கணும்.

அண்ணா, என்கிட்ட 1975 யமஹா ஆர்டி350. பழைய ஓனர் ஏர் ஃபில்டர் பாக்ஸை எடுத்துட்டு கார்ப்புக்கு ஒண்ணுன்னு தனி ஃபில்டர் போட்டிருக்கார். முழு ஆக்சிலேட்டர்ல இழுவை விட்டுப் போகுது, ஓடும்போதே சோக்கை லேசா இழுத்தா நல்லாப் போகுது. என்ன ஜெட் போடலாம்?

முதல்ல முழு ஆக்சிலேட்டரை நிறுத்துங்க, இன்னிக்கே. சோக் இழுத்தா நல்லாப் போகுதுன்னா வண்டி பெட்ரோல் கேக்குதுன்னு அர்த்தம், டூ ஸ்ட்ரோக்ல முழு வேகத்துல லீனா ஓடறது பிஸ்டன்ல ஓட்டை விழறதுல போய் முடியும், இல்லன்னா ஜாம் ஆகி பின் சக்கரம் பூட்டிக்கும், அது உயிருக்கே ஆபத்து.

என் யோசனை, ஒரிஜினல் ஏர் பாக்ஸைத் தேடிப் பிடிச்சு மாட்டுங்க. அந்த மிக்குனி விஎம்28 கார்ப்போட ஜெட்டெல்லாம் அந்த பாக்ஸோட சேத்துக் கணக்குப் பண்ணினது. தனி ஃபில்டர்தான் வேணும்னா மெயின் ஜெட்டைப் பெருசுலேர்ந்து ஆரம்பிச்சு இறக்கிட்டு வரணும், சின்னதுலேர்ந்து ஏத்திட்டுப் போகக் கூடாது. ரிச்சா இருந்தா முழு வேகத்துல முக்கி முனகும் அவ்வளவுதான், லீனா இருந்தா இன்ஜின் போயிடும். மிக்குனி ஜெட் நம்பரும், கெய்ஹின்ங்கற இன்னொரு கார்ப் கம்பெனியோட ஜெட் நம்பரும் ஒண்ணு இல்ல, ஒரே நம்பர்னு மாத்திப் போடாதீங்க.

ஆக்சிலேட்டர் கிரிப்ல டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு கோடு போட்டுக்கோங்க, உங்களோடது மாதிரி ஸ்லைடு கார்ப்ல இது ரொம்ப உதவும். எட்டுல ஒரு பங்கு வரைக்கும் பைலட் ஜெட்டும் (ஸ்லோ ஜெட்டுக்கு இன்னொரு பேர்) ஏர் ஸ்க்ரூவும், அதுலேர்ந்து கால் வரைக்கும் ஸ்லைடோட வெட்டு, காலேர்ந்து முக்கால் வரைக்கும் நீடில், அதுக்கு மேல மெயின் ஜெட். தகராறு எந்தக் கோட்டுல வருதோ அந்தச் சாமானை மட்டும் தொடுங்க. இதுல இருக்கறது ஏர் ஸ்க்ரூ, வெளிய திருப்பினா காத்து ஜாஸ்தியாகி லீன் ஆகும். சில கார்ப்ல ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும், அது பெட்ரோல் ஸ்க்ரூ, அதை வெளிய திருப்பினா ரிச். ஃபில்டர் பக்கமா இன்ஜின் பக்கமான்னு பாத்துட்டுத் திருப்புங்க.

இன்னும் ரெண்டு விஷயம். ரொம்ப நாள் நின்ன டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் சீல் காஞ்சு காத்து இழுக்கும், எந்த ஜெட் போட்டாலும் லீனாவே இருக்கும். கார்ப்பையும் எக்ஸாஸ்டையும் அடைச்சு 6 பிஎஸ்ஐ காத்து ஏத்தி நிக்குதான்னு பாத்தா தெரிஞ்சுடும். அப்புறம் கார்ப் கேபிளை எப்போ அட்ஜஸ்ட் பண்ணினாலும் ஆயில் பம்ப் கேபிளோட மார்க்கையும் சேத்துப் பாக்கணும், ரெண்டும் ஒரே ஆக்சிலேட்டர்லேர்ந்துதான் வருது, கார்ப்பை மட்டும் சரி பண்ணிட்டு அதை விட்டா ஆயில் கம்மியாகும்.

வணக்கம். 1970 ட்ரையம்ப் பான்வில் வாங்கியிருக்கேன், அமால் கான்சென்ட்ரிக் கார்ப் ரெண்டு. கார்ப்பைக் கையில வெச்சிருந்தா ஸ்லைடு வழுக்கிட்டுப் போகுது, இன்ஜின்ல மாட்டி இறுக்கினா சிக்குது. ஐடிலும் நிக்கல. புது கார்ப்தான் வாங்கணுமா?

வேண்டாம் சகோதரி, இன்னும் இல்ல. இறுக்கினா சிக்குதுன்னு நீங்களே கவனிச்சு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்கு. அமால் ஃபிளாஞ்சை யாரோ நட்டைப் போட்டு நெருக்கியிருக்காங்க, நடுவுல ஓ-ரிங் இருக்கறதால ரெண்டு காதும் முன்னாடி வளைஞ்சு பாடியே லேசா கோணிப்போச்சு. முகப்புல ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துல பாருங்க, இடைவெளி தெரியும். தட்டையான கண்ணாடி மேல எமரி பேப்பரை வெச்சு அந்த முகப்பைப் பொறுமையா தேய்ச்சு சமம் பண்ணுங்க, ஓ-ரிங் உட்கார்ற பள்ளம் ஆழம் குறையாம பாத்துக்கோங்க. புது ஓ-ரிங் போட்டு ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, ஒவ்வொரு தடவையும் ஸ்லைடைத் தூக்கி விட்டுப் பாருங்க, டக்குனு விழணும். சிக்கற ஸ்லைடோட ஓட்டாதீங்க, ஆக்சிலேட்டர் திறந்தபடியே நின்னுடும்.

ஐடிலுக்கு, கான்சென்ட்ரிக்ல பைலட் ஜெட் பெரும்பாலும் பாடிக்குள்ளயே அழுத்தி வெச்சது, கழட்ட வராது, அதனாலயே சுத்தம் பண்ணியாச்சுன்னு சொல்ற கார்ப்ல கூட அது அடைச்சே இருக்கும். பைலட் ஏர் ஸ்க்ரூவை எடுத்துட்டு அந்த ஓட்டை வழியா 0.016 இன்ச், அதாவது சுமார் 0.4 மி.மீ டிரில் பிட்டை ஒரு மெல்லிசு குழாய் முனையில பொருத்தி விரலால மட்டும் உருட்டி அடைப்பை எடுக்கணும். அதுக்கப்புறமும் ஐடில் அலைஞ்சா ஸ்லைடு தேய்மானம், முன்னும் பின்னும் ஆட்டிப் பாத்தா லொடலொடன்னு இருக்கும். அப்போதான் புது ஸ்லைடு, பாடியும் தேஞ்சிருந்தா புது கார்ப்.

என்ஜின் ஆயில் லெவல் தானா ஏறியிருக்கு, பெட்ரோல் வாசனை வருது. ஓட்டலாமா?

ஓட்டாதீங்க, ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. பெட்ரோல் டேப்பும் மூடல, ஃப்ளோட் நீடிலும் மூடல, ராத்திரி முழுக்க பெட்ரோல் இறங்கி சிலிண்டர் வழியா ஆயில்ல கலந்திருக்கு. அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாத்தாது. ஆயிலை வடிச்சு மாத்துங்க, டேப் வாஷர் மாத்துங்க, ஃப்ளோட் நீடில் முனையில வளையம் மாதிரி தேய்மானம் இருக்கான்னு லென்ஸ்ல பாருங்க. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்குது, அதனால டேப்பை நம்பாம, லைன்ல ஒரு நல்ல ஃபில்டரும் போட்டுக்கோங்க.

கார்ப் கிட் வாங்கினா அதுல இருக்கற எல்லா ஜெட்டையும் மாத்தணுமா?

மாத்தாதீங்க. கேஸ்கெட், ஓ-ரிங் எடுத்துக்கோங்க. ஜெட், நீடில் எல்லாம் கழட்டினதோட நம்பரையும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க, பல கிட்ல அது உங்க மாடலுக்கானதா இருக்காது. பழைய ஒரிஜினல் பித்தளை சாமான் கெடாம இருந்தா சுத்தம் பண்ணி அதையே போடறதுதான் நல்லது, தூக்கி மட்டும் போட்டுடாதீங்க.

ட்யூனிங் முடிஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நான் பாட்டுக்கு திருப்பிட்டே இருக்கேன்.

ஆறின வண்டி சோக்ல ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரத்துல சோக் இல்லாம நிக்கணும். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டா உடனே ஐடிலுக்கு வரணும், தொங்கவும் கூடாது, ஐடிலுக்குக் கீழ முங்கிட்டு எழவும் கூடாது. தொங்கினா லீன், முங்கினா ரிச். நேர் ரோட்டுல ஒரே வேகத்துல கொஞ்ச தூரம் போய், கிளட்ச் பிடிச்சு அங்கேயே இன்ஜினை ஆஃப் பண்ணி ஓரம் கட்டி பிளக்கைப் பாருங்க, ஐடில்ல விட்டுட்டுப் பாத்தா ஐடிலோட நிறம்தான் தெரியும். பீங்கான் வெளிர் பழுப்பா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா நிறுத்திடுங்க. அன்னிக்கு இருக்கற சுத்துக் கணக்கு, ஜெட் நம்பர், நீடில் கிளிப் எத்தனாவது காடின்னு ஒரு சீட்டுல எழுதி சைடு கவர் உள்பக்கம் ஒட்டி வைங்க, உங்க கிட்டேர்ந்து இந்த வண்டியை வாங்கப் போறவங்களுக்கும் சேத்து.